முப்பது கிரெடிட்

ஏப்ரல் 20, திங்கள்

பீடத்து அறிவிப்புப் பலகையில் பட்டியல் வந்துவிட்டது. பின்லாந்தில் ஒரு செமஸ்டர் படிக்க எங்கள் பீடத்துக்கு ஒரே இடம். முதலாவது பெயர் சே. தனுஜா. நான்தான். அதற்குக் கீழே, நான் போகாவிட்டால் போவதற்கென்று, பஸ்லினா.

அவள்தான் முதலில் பார்த்துவிட்டு கண்டீன் வரை ஓடி வந்தாள். "ஒனக்குத்தான்டீ கெடச்சீக்குது!" என்று கட்டிப் பிடித்தாள். மூன்று வருடமாக ஒரே வாங்கில் உட்கார்ந்தவள். இந்த வருடம்தான் நான் நிலவியல் பக்கமும் அவள் வரைபடப் பக்கமும் பிரிந்தோம். அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாளா? நானாக இருந்தால் பட்டிருப்பேனா?

அப்பா தான் வேலைசெய்யும் கண்டி மாநகர சபைக் கந்தோரில் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டார். அம்மா கம்பளிச் சட்டை எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். அப்பாவின் அக்கா ராக்கம்மா அத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போன நவம்பர் மழையில் ஹந்தானைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய லயத்து வீட்டுக்குப் பின்னால் மேடு சரிந்ததிலிருந்து குண்டசாலையில் எங்களோடுதான் இருக்கிறார். எழுந்து போய் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 22, புதன்

வாழ்த்தோடு ஒரு வேலையும் வந்தது. அங்கே படிக்கப்போகும் பாடங்களை நானே தெரிவுசெய்து மே 13க்குள் அனுப்ப வேண்டும். மொத்தம் முப்பது கிரெடிட்.

எங்கள் விரிவுரையாளர் நளீர் சேர்தான் இதற்குப் பொறுப்பு. அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "மகள், ஒங்கட சிறப்புப் பட்டத்துக்கு ரெண்டு பாடம் கட்டாயம். நிலத்தடி நீர் ஒண்டு, சரிவுகளின் உறுதி மற்றது. அத அங்க எடுத்தா நான் இங்க சேத்துக்கொள்ளுவன். எடுக்காட்டி திரும்பி வந்து ஜூனியர்மாரோட இரிக்கணும். ஒரு வருஷம் பிந்தும்."

அவ்வளவு பெரிய கம்பஸில் இந்த இரண்டும் இல்லாமலா போகும்?

ஏப்ரல் 25, சனி

காலையிலிருந்து அந்தப் பின்லாந்துப் பாடப் பட்டியல்தான். பாடங்கள் ஆயிரத்துக்கு மேல். முதல் ஒரு மணித்தியாலம் பெரிய கடைக்குள் விட்ட பிள்ளை மாதிரி இருந்தேன். பனியின் பௌதிகம் என்று ஒன்று இருக்கிறது. காட்டில் நடப்பதற்கு ஒரு பாடம் இருக்கிறது, சத்தியமாக.

நிலத்தடி நீர் இருந்தது. திறந்தேன். வசந்த காலத்தில் மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும். இலையுதிர் காலத்தில் பின்னிஷ் மொழியில். நான் போவது இலையுதிர் காலத்தில்.

சரிவுகளின் உறுதி இருந்தது. ஆங்கிலம். இலையுதிர் காலம். சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து நின்ற பிறகுதான் கடைசி வரியைப் படித்தேன்: பரிமாற்ற மாணவர்களுக்கு இல்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

அப்படியானால் எனக்கென்று என்னதான் திறந்திருக்கிறது? ஆங்கிலம், இலையுதிர் காலம், வெளிநாட்டு மாணவர்க்கு உண்டு என்ற மூன்றையும் தெரிவுசெய்து தேடினேன். பட்டியல் ஒரு பக்கமாகச் சுருங்கியது. அதில் வரிசையாக ஐந்து பாடங்கள் — செய்மதிப் படங்கள், எண்ணிம வரைபடம், இடத்தகவல் முதற்பகுதி, இடத்தகவல் இரண்டாம் பகுதி, வெள்ள வரைபடம். ஒவ்வொன்றும் ஆறு கிரெடிட். கூட்டினேன். முப்பது.

பஸ்லினாவின் பாடங்கள். அப்படியே. அவளுக்காகவே யாரோ தைத்த சட்டை மாதிரி.

மடிக்கணினியை மூடிவிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பஸ்லினா அழைத்தாள். "பாடமெல்லாம் எப்படி?"

"பெருசா ஒண்ணும் இல்ல. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"லிங்க்க அனுப்பச் சொல்லலாமெண்டு நெனச்சன். பொறகு வேணாமெண்டு விட்டன். எனக்கில்லாதத நான் எதுக்குப் பாக்க?" சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஏப்ரல் 28, செவ்வாய்

அந்தச் சரிவுப் பாடத்தை நடத்தும் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் ஊரில் போன நவம்பரில் நடந்ததை எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். இரக்கம் கேட்பது போல் இருக்கிறதோ? கடைசியில் இரண்டு வரி மட்டும் விட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

பதில் இல்லை.

ஏப்ரல் 30, வியாழன்

பதில் இல்லை. அத்தை இன்றும் காலையில் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். கோழிகளுக்குத் தீனி போடவாம். ஐந்து கோழிகளை அங்கேயே விட்டுவைத்திருக்கிறார். அந்த வீட்டுக்குள் போகக்கூடாது என்று கதவிலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அப்பா சத்தம் போட்டார். "உள்ள போகலடா, வாசல்லதான் நின்னேன்" என்கிறார் அத்தை.

மே 2, சனி

பதில் வந்தது. நல்ல மனிதர்தான், நீளமாக எழுதியிருக்கிறார். அது முதுமாணி மாணவர்களுக்கான பாடம், ஆய்வுகூடத்தில் பதினைந்து இடம்தான், எனக்கு முன்தேவைப் பாடங்கள் இரண்டு குறைவு. உங்கள் ஊரில் நடந்ததற்கு வருந்துகிறேன், என்கிறார். இல்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்லினா விஷயத்தைத் தவிர. "ஒரு வருசம் பிந்தினா என்னம்மா? ஊருல எத்தனை பேருக்கு இப்படிக் கெடைக்குது" என்றார். அம்மா, "பனிப் பாடத்தை எடுத்துட்டு வாயேன்" என்றாள். விளையாட்டுக்கா, உண்மையாகவா தெரியவில்லை.

போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு மனம். போய் எதைப் படிக்க? போவது பெரிதா, படிப்பது பெரிதா? போனாலே படிப்புத்தானே? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மே 5, செவ்வாய்

வகுப்பு முடிவில் நளீர் சேர் அறிவித்தார். ஓகஸ்டில் தொடங்கும் சரிவுப் பாடம் இந்தத் தடவை வகுப்பறைக்குள் இல்லை. ஹந்தானைப் பக்கம் பன்னிரண்டு நில வெடிப்புகளைத் தெரிவுசெய்து, மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை அளக்கப் போகிறோமாம். அத்தையின் லயமும் அதில் வருகிறது.

எல்லோரும் மழையில் நனைய வேண்டுமே என்று முணுமுணுத்தார்கள். அந்த நேரம் நான் எங்கே இருப்பேன்? காட்டில் நடக்கும் பாடத்திலா?

மே 8, வெள்ளி

அத்தையோடு நானும் போனேன். கோழிகள் அவர் குரலுக்கே ஓடி வந்தன. வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே அந்த வெடிப்பு. காலை விட்டால் முழங்கால் வரை போகிறது. உள்ளே யாரோ குப்பை போட்டிருந்தார்கள்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம் புள்ள, நீ படிக்கிறது இந்த மண்ணத்தானே? சொல்லு. எம் மேடு மறுக்கா சரியுமா, சரியாதா?"

"தெரியல அத்தை."

"மூணு வருசம் படிச்சிருக்க."

"இன்னும் அந்தப் பாடம் வரலை."

"அது எங்க வருது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அங்கே வருகிறது, எனக்கு இல்லை. இங்கே வருகிறது, நான் இருக்கமாட்டேன்.

அங்கே நிற்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பஸ்ஸில் வரும்போதுதான், போகாவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் நெஞ்சில் ஒரு லேசு. அந்த லேசுதான் இப்போது பயமுறுத்துகிறது. இந்த இடத்துக்கான நேர்முகத்தில் என் இங்கிலீசு தடுமாறியது, இதுவரை ஒருநாள்கூட அம்மாவை விட்டுத் தனியாக இருந்ததில்லை — பயந்துபோய்ச் சாக்குத் தேடுகிறேனா? அத்தையின் மேடு எனக்கு வசதியாகக் கிடைத்த சாக்கா?

மே 9, சனி

பயமும்தான். அந்தப் பாடமும்தான். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. பிரிக்காமலே முடிவெடுக்கக்கூடாதா?

மே 10, ஞாயிறு

அக்குறணைக்குப் போனேன். பஸ்லினா வீடு அவள் வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில். உம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், என் போனில் அந்த ஐந்து பாடங்களையும் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

படித்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.

"இது என்ட பாடமெல்லாம்."

"ம். சரியா முப்பது. நீயே போ. நான் சேர்கிட்ட சொல்லிடுறேன்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். எவ்வளவு மடைச்சி நான். போனை மெத்தையில் வைத்துவிட்டு, "நீ இத எப்ப பாத்த?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "ஏப்ரல் இருவத்தஞ்சு."

"அடுத்த நாள் நான் கோல் எடுத்தேனே."

"ம்."

"பெருசா ஒண்ணும் இல்லண்ட."

அவள் எழுந்து யன்னல் பக்கம் போனாள். கீழே மாத்தளை பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒனக்குச் சரிவரல்லண்டு தெரிஞ்ச பொறகு எனக்குத் தார. நீ கழிச்சத. ரெண்டு கெழம வச்சிக்கிட்டு இருந்திட்டு. இடத்த நீ எனக்குத் தரணுமெண்டு நான் கேக்கல்ல, தனுஜா. தெரிஞ்சத சொல்லீக்கலாம். நானும் ஒன்னோட இருந்து பாத்தீப்பேன். ஒனக்கொரு வழி தேடீப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் யன்னலை விட்டுத் திரும்பவில்லை. தேத்தண்ணி அப்படியே இருந்தது. படியிறங்கும்போது வாப்பா, "என்ன மகள், அவசரமா?" என்றார். ஆமா அங்கிள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவ சொன்னது அத்தனையும் சரி. அதுதான் தாங்க முடியல.

மே 11, திங்கள்

நளீர் சேரிடம் விலகல் கடிதம் கொடுத்தேன். "நல்லா யோசிச்சீங்களா?" என்றார். யோசிச்சேன் சேர், என்றேன். விளங்கிச்சா என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அப்பா என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா, "கம்பளிச் சட்டை வாங்காதது நல்லதாப் போச்சு" என்றாள்.

மே 13, புதன்

கடைசி நாள். பஸ்லினா சம்மதித்துவிட்டாள், பாடங்களும் அனுப்பியாயிற்று. சேர் சொல்லித்தான் தெரியும்.

ஜூலை 3, வெள்ளி

நூலகத்தில் எதிரே வந்தாள். விசா வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்ல என்றாள். அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 22, சனி

காலையில் அவளிடமிருந்து ஒரு சொல்: "போறன்." கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அனுப்பியிருக்க வேண்டும். பத்து விதமாகப் பதில் எழுதிப் பார்த்து, கடைசியில் "கவனமா போ" என்று அனுப்பினேன். பார்த்தாள். படித்துவிட்டதைக் காட்டும் அந்த நீலச் சரி அடையாளங்கள் வந்தன. பதில் வரவில்லை.

இன்று முழுக்க, நானும் இந்நேரம் வானத்தில் இருந்திருப்பேன் என்ற நினைப்பு. போயிருக்கலாமோ? போயிருக்கலாம்தான்.

செப்டெம்பர் 9, புதன்

மூன்றாவது அளவீடு. ஏழாம் இலக்க வெடிப்பு என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கினேன். அது அத்தை வீட்டுக்குப் பின்னால் இருப்பது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி நட்டு, இடைவெளியை அளக்கிறோம். கம்பி நட்ட நாளின் இடைவெளியிலிருந்து முதல் வாரம் மாற்றம் இல்லை. போன வாரம் நான்கு மில்லிமீற்றர். இன்று பதினொன்று. இரண்டு தடவை அளந்தேன். பிறகு சேரும் அளந்தார். பதினொன்றுதான்.

"மழ இன்னும் தொடங்கவே இல்ல" என்றார் சேர், யாரிடமோ சொல்வது போல. அதிகாரிகளுக்கு அறிவிக்க அப்போதே அழைப்பு எடுத்தார்.

செப்டெம்பர் 10, வியாழன்

அத்தைக்குச் சொன்னேன். "அத்தை, இனிமே போகாதீங்க. கோழிக்குத் தீனி போடக்கூட."

"சரியும்ங்கிறியா?"

"நகருது. எப்ப சரியும்னு எனக்குத் தெரியாது. நகருது."

"அன்னைக்குத் தெரியலன்னியே."

"இன்னைக்குத் தெரியும்."

அத்தை இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அந்த வீட்டில்தான் மாமா செத்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் நிம்மதியாக இருக்கும் என்று ஏன் நினைத்தேன்?

செப்டெம்பர் 11, வெள்ளி

அப்பா தோட்டத்து ஆட்களோடு போய் கோழிகளைப் பிஸ்கட் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தார். முச்சக்கர வண்டிக்காரன் நாற்றத்துக்குத் திட்டினானாம். அத்தை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினார். நாலுதான் இருந்தன.

அக்டோபர் 18, ஞாயிறு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மழை பிடித்துவிட்டது. ஏழாம் இலக்கத்துக்குக் கிட்ட இப்போது யாரையும் விடுவதில்லை, தூரத்திலிருந்துதான் அளக்கிறோம். அந்த லயத்தில் மிச்சமிருந்த மூன்று குடும்பமும் இறங்கிவிட்டன.

மதியம் போன் அடித்தது. பஸ்லினா.

சலாமும் இல்லை, நலமும் இல்லை. "நான் இங்க பாடத்துக்கு ஒரு வரைபடம் செஞ்சி குடுக்கணும். சொந்த ஊர் ஒண்டு எடுக்கட்டாம். நான் ஹந்தானைய எடுத்தன். செய்மதிப் படம் ஈக்கி, தரை அளவு இல்ல. ஒன்ட கிட்ட ஈக்குமெண்டு சேர் சொன்னார்."

"இருக்கு. பன்னிரண்டு இடம், எட்டு வாரம்."

"தாரியா?"

"தாறேன்."

அங்கே காற்றுச் சத்தம் கேட்டது. குளிரா என்றேன். கேட்கவே வேணாம் என்றாள். சேரிடம் அனுமதி கேட்டுவிட்டு, எல்லா அளவுகளையும் ஒரே அட்டவணையாக அனுப்பினேன்.

ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. ஒன்பதாம் இலக்கத்துக்கு, இடத்தைக் குறிக்க நான் எழுதிய அகலாங்கு எண் பிழை. அவள் போட்டுப் பார்த்ததில் வெடிப்பு கண்டி வாவிக்கு நடுவில் போய் விழுந்திருக்கிறது. படத்தை அனுப்பி, கீழே ஒரு சொல் எழுதியிருந்தாள்.

"லூசு."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு திட்டு. திருத்திய எண்ணை அனுப்புவதற்கு முன் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.