நாலு மணிக்குத் திறக்கும் கதவு

மார்ச் 4

மதிப்புக்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

மேல்குடியிருப்பிலிருந்து சுமைக்காரக் கிழவன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மளிகைக்கடைக்காரர் எழுதுகிறார்.

ஆறு பழைய தொங்குபாலத்தை அடித்துக்கொண்டு போன வருஷம், பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை காற்றில் பறந்து என் கழுதைக் கொட்டடி மேல் விழுந்த வருஷம், ஊரே ஒரு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து எங்கோ சண்டை நின்றுவிட்டது என்று கேட்ட வருஷம். அந்த வருஷம் என் வீட்டில் ஒன்று நடந்தது. முப்பத்துநான்கு வருஷம் ஆகியும் எனக்கு அது நேற்று மாதிரி. அதைப் பற்றிப் பிறகு. முதலில் நல்ல சேதி.

நீங்கள் புதன்கிழமைதோறும் திரையில் வர ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. உரக் கிடங்கை வெள்ளையடித்து, சுவரில் திரை மாட்டி, கூரையில் சூரியத் தகடு வைத்தபோது நான்தான் முதலில் சிரித்தேன். "டிவிக்கு முன்னாடி நாக்க நீட்டினா காய்ச்சல் போயிடுமா?" என்று கேட்டேன். போகிறது ஐயா. நர்ஸ் குழாயை நெஞ்சில் வைத்தால் அறுபது மைல் தாண்டி உங்கள் காதில் கேட்கிறது. கொல்லன் மருமகளின் வீங்கிய காலைத் திரையிலேயே பார்த்து, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பத்து நாள் முன்னதாகவே ஜீப்பில் கீழே அனுப்பச் சொன்னீர்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்பினார்கள். ஊர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறது.

போன புதன்கிழமை என் முறை வந்தது. நீங்கள் பேனா மூடியால் மேசையில் மூன்று தட்டுத் தட்டி, "சுருக்கமா சொல்லுங்க பெரியவரே" என்றீர்கள். மூட்டுவலி என்று வந்தவன் அப்படியே எழுந்து போய்விட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம். அந்தத் தட்டை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. சின்ன வயதில் ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா?

இப்படிக்கு,
சுமைக்காரக் கிழவன்
(கைநாட்டு)


மார்ச் 15

அன்புள்ள பெரியவருக்கு,

உங்கள் கடிதம் பார்த்து மனம் குளிர்ந்தது. ஆமாம், ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில்தான் என் முதல் வேலை. எத்தனையோ முகங்கள், ஒன்றும் நினைவில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டு அறையில் இருந்தபடியே உங்களைப் போன்றவர்களைப் பார்க்கக் கிடைத்தது என் பாக்கியம். அங்குள்ள நர்ஸ் ஒவ்வொரு நோயாளிக்கும் கையால் குறிப்பு எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார். முத்து முத்தான எழுத்து! அவர்தான் எனக்கு அங்கே கண்ணும் கையும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் இந்தத் திட்டத்துக்காக எனக்கு ஒரு பாராட்டு விழா. அதிகாரிகள் வருகிறார்கள். மேல்குடியிருப்பின் சார்பில் நீங்கள் திரையில் தோன்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும். மனதில் பட்டதைச் சொன்னால் போதும்.

மூட்டுக்கு மாத்திரை தரச் சொல்லி நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
டாக்டர்


மார்ச் 26

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

மாத்திரை கிடைத்தது. முழங்கால் இப்போது மடங்குகிறது. விழாவில் பேச வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா பாருங்கள்.

பாலம் போன அந்த வருஷம் என் மனைவிக்கு இடுப்புவலி எடுத்தது. மூங்கில் நாற்காலியில் அவளைக் கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி, விடியும்போது கிளம்பி, உச்சிவெயிலில் உங்கள் வாசலுக்கு வந்தோம். கதவு சாத்தியிருந்தது. கம்பவுண்டர் சன்னலைத் திறந்தார். உள்ளே நீங்கள் சாப்பிட்டுவிட்டு மேசையில் இருந்தீர்கள். பேனா மூடியால் மூன்று தட்டு.

"சுருக்கமா சொல்லு."

சொன்னேன்.

"மலைக்காரங்களுக்கு நேரங்காலமே கிடையாதா? நாலு மணிக்குத் திறக்கும். அதுவரைக்கும் நிழல்ல உட்காருங்க."

உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி கூட்டுகிற அம்மாதான் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து பிள்ளையை வெளியே எடுத்தாள். ரத்தம் நிற்கவில்லை. மணி நாலு அடித்தபோது என் மனைவி இல்லை. கதவு சரியான நேரத்துக்குத் திறந்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு தாளை நீட்டினீர்கள். "உடம்ப எடுத்துக்கிட்டுப் போறதுக்கு" என்றார் கம்பவுண்டர். பெருவிரலை மையில் தேய்த்து வைத்தேன். எனக்குக் கொடுத்த நகலை ஒரு வருஷம் கழித்து வாத்தியார் படித்துச் சொன்னார். 'வரும் வழியிலேயே இறந்துவிட்டாள்' என்று போட்டிருந்ததாம். நீங்கள் எழுதிய பொய்க்கு என் விரலே சாட்சி. வழியில் இல்லை ஐயா, வாசலில்.

இரண்டு வார்த்தை கேட்டீர்கள். நீண்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

சுமைக்காரக் கிழவன்
(அதே விரலின் கைநாட்டு)


ஏப்ரல் 2

பெரியவருக்கு,

மூன்று தடவை படித்தேன். அந்த நாற்காலி நினைவுக்கு வந்துவிட்டது. அன்று எனக்கு இருபத்தெட்டு வயது. தனியாக ஒரு பிரசவமும் பார்த்ததில்லை. பயந்துபோய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பயத்தை அதிகாரமாகக் காட்டினேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். புதன்கிழமைப் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இனி என் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டாம். விழாவில் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். என் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்.

டாக்டர்


ஏப்ரல் 9

டாக்டருக்கு,

இன்று மளிகைக்கடைக்காரரைக் கூப்பிடவில்லை. எழுத்தைப் பார்த்ததுமே யார் கை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தையும் அவளே படித்துக் காட்டினாள். பேனா இரண்டு இடத்தில் நின்றுபோனது. "எழுதும்மா, சொன்னத எழுது" என்றேன். எழுதுகிறாள்.

நீங்கள் விலகக் கூடாது. அடுத்த ஆள் வருவதற்குள் நாங்கள் மறுபடி நாற்காலி கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் தப்பித்துப் போவதற்கு எங்கள் வீட்டுப் பெண்கள் சாக வேண்டுமா? விழாவுக்கு நான் வரவில்லை. மாலையைப் போட்டுக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகள் கைதட்டட்டும். மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள். என்னிடம் அது கிடையாது.

எனக்கு வேண்டியது புதன்கிழமை. அந்த மூங்கில் நாற்காலியை இத்தனை வருஷமாகக் கொட்டடிப் பரணில் வைத்திருந்தேன். இறக்கித் துடைத்துவிட்டேன். இனி ஒவ்வொரு புதனும் காலையில் உங்கள் திரை எரியும்போது முதல் ஆளாக அதில் நான் உட்கார்ந்திருப்பேன், மூட்டு வலித்தாலும் வலிக்காவிட்டாலும். என்னைப் பார்க்க வேண்டும். அப்புறம் வரிசையில் கடைசி ஆள் வரைக்கும் பார்க்க வேண்டும். நூறு வயசு நன்றாக இருங்கள் டாக்டர். இதை வாழ்த்து என்று நினைத்துவிடாதீர்கள்.

நாற்காலி தூக்கிய நாலு பேரில் என் மச்சான் மரம் சாய்ந்து போனான். நெட்டையனை ஆறு கொண்டுபோனது. மீதி இரண்டு பேர், அண்ணன் தம்பி, ஒரே காய்ச்சலில் போனார்கள். அப்போது உங்கள் திரை இல்லை. கம்பவுண்டர் சர்க்கரை நோயில் காலை இழந்து, பிறகு உயிரை இழந்தார். கூட்டுகிற அம்மா போன மழைக்காலத்தில் கண்ணை மூடினாள். கொள்ளி வைத்தது நான்.

அம்மா வழியிலேயே போய்விட்டாள் என்று உங்கள் பொய்யைச் சொல்லித்தான் என் பிள்ளையை வளர்த்தேன். வாசலில் என்று சொல்லியிருந்தால் அவள் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறியிருக்க மாட்டாள். இன்றைக்குத்தான் அவளுக்குச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில்தான்.

உங்களையும் என்னையும் தள்ளிவிட்டால், அன்று அந்த வாசலில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான். நாலு மணி வரை காத்திருக்காமல் பிறந்தவள், இதை எழுதிக்கொண்டிருப்பவள், உங்களுக்குக் கண்ணும் கையுமாக இருக்கும் நர்ஸ்.