இடது ஓரத்துச் சேவல்

சாண்டோ டொமிங்கோ, வெள்ளி

கோபித்துக்கொண்டு போன என் டோமினோ ஆட்டக் கூட்டாளிக்கு,

பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே என் மூளைக்குத் தெரிவதில்லை. மசித்த வாழைக்காயில் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு, பத்தவில்லை என்று சண்டை போடுகிறேன்.

என்னைப் போன்றவர்களுக்காக என் மகள் யோகாஸ்தா ஒரு மொபைல் ஆப் செய்கிறாள். முதல் நாளே கத்தினேன்.

"என்னடி, பட்டனையே வைக்க மறந்துட்டியா?"

"இடது ஓரத்துலதான் இருக்குப்பா!" விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு அந்த ஓரத்தில் ஒரு சிவப்புச் சேவலை வைத்தாள். நான் கழுத்தைத் திருப்பி அதைத் தொடும்வரை கூவி உயிரை வாங்கும். தெருவே என்னைச் சபிக்கிறது.

நேற்று அதைத் தேடித் திரும்பினால், பக்கத்து நாற்காலியில் யோகாஸ்தா! வெகுநேரமாக அங்கேதான் இருந்தாளாம். உடனே உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு அவன் நிஜமாவே வந்தானா?"

"தினமும் வந்து உங்க இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாரு. சொன்னா, பொய்னு என்னையே திட்டினீங்க!"

ஆஸ்பத்திரிக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று முக்குக் கடையில் உட்கார்ந்து உன்னை எப்படியெல்லாம் ஏசினேன்! போக்கிரி, டோமினோ ஆடும்போதுதான் கூட்டாளியோடு பேசக் கூடாது. ஆஸ்பத்திரியிலுமா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை வா. இடது பக்கமே உட்கார். சேவல் கூவாமலே திரும்பிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டித் தீர்த்தவன்