முன் அறைக்கு இரண்டு ஒற்றைக் கட்டில்

உடுவில்,
நவம்பர் 2024.

அன்பு மகள் நிமலினிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அனோஜனும் சின்னவளும் அந்த நோர்வேக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், எழுதப்போவது முழுக்கக் கோபம் என்றாலும் அந்த வேண்டுதலில் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வசனத்துக்குள் உனக்கு வேலைக்குப் போகும் நேரம் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் அனோஜன் பார்ப்பார், அவர் தன் தாய்க்குக் காட்டுவார், அந்த மனுசி எனக்குப் போன் எடுத்து ஆறுதல் சொல்லும். எனக்கு ஆறுதல் வேண்டாம். இது உனக்கு மட்டும், தனியே இருந்து வாசி.

இங்கே மாரி பிடித்துவிட்டது. கிணறு கட்டு வரை வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கமலாவதி அக்காவின் மதில் ஒரு துண்டு சரிந்து, அவருடைய கோழிகள் எல்லாம் இப்போது எங்கள் வளவில்தான் குடித்தனம். என் முழங்கால் மழைக்கு முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, குளிசை போடுகிறேன். சரி, விசயத்துக்கு வருகிறேன். சித்திரையில் வருகிறோம், வீட்டுக்குக் கட்டில், மேசை என்று கொஞ்சம் தளபாடம் வாங்க வேண்டும், பழைய சாமானும் வேண்டும், புதுமாதிரியும் வேண்டும், யாழ்ப்பாணத்தில் எங்கே நல்லது என்று போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ அம்மா என்று கேட்டாயே, முதலில் அதற்குப் பதில் எழுதுகிறேன். கேட்ட வேலையை அம்மா செய்யவில்லை என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது.

பார்த்தீபனின் ஓட்டோவைப் பிடித்து இரண்டு நாள் அலைந்தேன். புதுச் சாமான் என்றால் ஸ்ரான்லி வீதிப் பக்கம் கண்ணாடி போட்ட பெரிய கடைகள் வந்திருக்கின்றன. உள்ளே போனால் குளிர், எல்லாம் வெள்ளையும் சாம்பலும், ஆசுபத்திரிக்குள் நுழைந்தது போல இருக்கிறது. ஒரு செற்றியில் இருத்தினார்கள், அது என்னை அப்படியே விழுங்கிவிட்டது. இதிலை இருந்தா எழும்ப மனமே வராது அன்ரி என்றாள் அங்கே நின்ற பிள்ளை. மனம் வருது பிள்ளை, முழங்கால்தான் வருகுதில்லை என்றேன், இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அந்தக் கடைகளில் அலுமாரி வாங்காதே. முன்பக்கம் கண்ணாடிபோல மினுங்கும், பின்பலகையை விரலால் தட்டினால் மட்டை. எங்கள் ஈரத்துக்கு ஒரு மாரியிலேயே தேத்தண்ணியில் தோய்த்த பாணைப் போல ஊதிவிடும். இரும்புக் கட்டிலும் மெத்தையும் அங்கே வாங்கலாம், அவை பரவாயில்லை. மேசை வேண்டுமென்றால் நீர்வேலிக்குப் போகும் வழியில் உள்ள தச்சுப் பட்டறைகளில் அளவு சொல்லி வேம்பில் செய்விப்பதுதான் புத்தி. பழைய சாமானுக்குக் கரவெட்டிப் பக்கம் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் கொடுக்கிறார்கள், ஆனால் நல்லதையெல்லாம் சொந்தக்காரர் முதலே எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது கால் ஆடுகிற வாங்குப் பலகையும் பூட்டுத் திறக்காத பெட்டியும்தான். ஆகவே பழையதுக்கு ஒரே இடம், நாவலர் வீதியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஜெயதீபனின் கடை. அவனுடைய பெயரை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் மரியாதையான பொடியன், வாய் மட்டும் காது வரைக்கும். ஒரு சாய்மனைக் கதிரையைக் காட்டி, உது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் அன்ரி, எங்கையும் எடுக்கேலாது என்றான். நான் குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன், வெள்ளைப் பெயின்றில் 32 என்று போட்டிருந்தது, எந்த விடுதியில் கிடந்து வந்ததோ. ஒல்லாந்தர் இலக்கமும் போட்டு வைச்சவையோ தம்பி என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். வெளிநாட்டாலை வாறவை ஒல்லாந்தரைத்தான் கேக்கினம் அன்ரி, நான் என்ன செய்ய, கதிரை நல்ல கதிரை, கதைதான் கொஞ்சம் கூட என்றான். எனக்கு அவனைப் பிடித்துக்கொண்டது. நான் இன்னாருடைய தாய், உடுவில், மகள் நோர்வேயில் என்று சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, நிமலினி அக்காவின்ரை அம்மாவோ, முதலே சொல்லியிருக்கலாமே, அக்கா எல்லாம் சொல்லிட்டா என்று தன் போனைத் திறந்து என் முன்னால் நீட்டினான்.

நிமலினி, அந்தப் போனில் என் படுக்கையறை, நான் படுக்கிற இந்த முன் அறை, இருந்தது. போன மாதம் வீடியோவில் வந்து, அம்மா வீட்டை ஒருக்கால் சுத்திக் காட்டுங்கோ, பாக்க ஆசையா இருக்கு என்றாயே, நானும் ஒவ்வொரு அறையாகத் தூக்கிக்கொண்டு நடந்தேனே, அதையெல்லாம் நீ படமாகப் பிடித்து அவனுக்கு அனுப்பியிருக்கிறாய். என் கட்டில், அதன் தலைமாட்டில் என் வேதாகமமும் மூக்குக் கண்ணாடியும், கால்மாட்டில் மடிக்காமல் கிடந்த என் ஹவுஸ்கோட். உன் அப்பா இருந்த காலத்திலும் ஒரு வெளியாளை அந்த அறை வாசலுக்கு நான் விட்டதில்லை. ஒரு கடைக்காரன் அதை விரலால் இழுத்துப் பெருப்பித்து எனக்கே விளக்கம் சொன்னான். இந்த முன் அறைக்கு ரெண்டு ஒற்றைக் கட்டில் அன்ரி, நடு அறைக்குப் பெரிய கட்டில், ரூறிஸ்ற் வந்து நிண்டு போற வீடெண்டா பழசும் புதுசும் கலந்திருந்தால்தான் எடுப்பு என்றான். நீ வீட்டை வாடகைக்கு விடப்போகும் விசயம் எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. புத்தக அலுமாரி அப்பிடியே நிக்கட்டாம், புத்தகத்தோடை பாக்க வடிவாம் என்று இன்னும் சொன்னான். அந்தப் புத்தகங்களை வாசிக்கிறவள் எங்கே நிற்பது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே பதில் வந்தது. பின்னுக்கு இருக்கிற சாமான் அறைக்கு ஒரு மடக்குக் கட்டில், அது வீட்டைப் பாத்துக்கொள்ளுற ஆளுக்காம், ஆரை அன்ரி வேலைக்கு வைக்கப் போறியள் என்று கேட்டான்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனில் பிழை இல்லை. பாப்பம் தம்பி, இன்னும் முடிவில்லை என்று சொல்லிவிட்டு வந்து ஓட்டோவில் ஏறினேன். ஏன் அன்ரி முகம் கறுத்துப்போச்சு, விலை கூடவோ என்று பார்த்தீபன் கேட்டான். ஓம் கூடத்தான் என்றேன். 

அந்த ஆள் நான்தானே, மகள்? உனக்கு அந்தச் சொல் எப்படி வந்தது? அம்மா என்று எழுத வெட்கமாக இருந்ததா? கடைக்காரன் என்ன நினைப்பான் என்று யோசித்திருக்கிறாய், நான் என்ன நினைப்பேன் என்று யோசிக்கவில்லை. அந்தச் சாமான் அறையை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்? மேலே அஸ்பெஸ்ரஸ், பகலில் உள்ளே கை வைக்க முடியாத வெக்கை, யன்னல் இல்லை, தண்ணீர் மோட்டர் சுவரோடு நின்று உறுமும், கக்கூசுக்கு முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும், இந்த முழங்காலோடு, இந்த மழையில். என்னைக் கடை தேடி அலையவிட்டு, கட்டிலின் நீளம் அகலம் எல்லாம் அவனோடு முதலே அங்குலக் கணக்கில் கதைத்திருக்கிறாய். என்னோடு ஒரு வசனம் கதைக்கவில்லை.

வீடு உன்னுடையது, அதை நான் மறக்கவில்லை. உன் கலியாணத்துக்கு வீட்டை உன் பெயருக்கு மாற்றிச் சீதன உறுதி எழுதியபோது, சீவிய உருத்து வைச்சு எழுதுவம் ரீச்சர், நீங்கள் கண்ணை மூடும் மட்டும் இருக்கிற உரிமை உங்களுக்கு இருக்கட்டும் என்று நொத்தாரிசு இரண்டு முறை சொன்னார். அப்பாவும் என் முகத்தைப் பார்த்தார். என்ரை பிள்ளை என்னை எழும்பச் சொல்லுவாளோ, தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன், ஏனென்றால் அப்படி ஒரு வசனத்தை எழுதி வைத்துக்கொண்டு பிள்ளையின் வீட்டில் இருக்க என்னால் முடியாது. கடன் கட்ட வேண்டியிருந்தால், உனக்கு அங்கே கஷ்டம் என்றால், அதைச் சொல்லியிருக்கலாம். நடு அறையை வாடகைக்கு விடுவோம் அம்மா, வருகிறவர்களுக்கு நீங்கள் தேத்தண்ணி போட்டுக் கொடுங்கோ என்று கேட்டிருந்தால் நான் அப்பமும் சுட்டுக் கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை.

புதன்கிழமை லொறி வந்தது. நான் படலையைத் திறக்கவில்லை. ஜெயதீபன் மழையில் நனைந்துகொண்டு, அக்கா காசெல்லாம் கட்டிப்போட்டா அன்ரி, எங்கை நான் திருப்பிக் கொண்டு போறது என்று கெஞ்சினான். உனக்கு மூன்று தரம் போன் எடுத்தான், அங்கே விடியவில்லை போல. கமலாவதி அக்கா சரிந்த மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன தேவமலர், மகள் கப்பலிலையோ வாறாள் என்று கேட்டார்.  பெரிய கட்டிலையும் இரண்டு ஒற்றைக் கட்டிலையும் திருப்பி அனுப்பினேன், கடையில் கவனமாக வைத்திருக்கிறேன் என்றான், நல்ல பொடியன், அவனோடு நீ சண்டை பிடிக்காதே. மடக்குக் கட்டிலை மட்டும் இறக்குவித்தேன். வெங்காயச் சாக்கை ஒதுக்கி, சாமான் அறையில் அதை விரித்து, வெளுத்த சீலை போட்டு, தலையணையும் வைத்திருக்கிறேன். அது உனக்கு. சித்திரையில் வரும்போது அனோஜனையும் பிள்ளையையும் நடு அறையில் விட்டுவிட்டு நீ அங்கே படு. சித்திரை வெக்கையில் ஒரு கிழமை படுத்து எழும்பு. அதற்குப் பிறகும் இதுதான் அம்மாவுக்கு ஏற்ற இடம் என்று என் முகத்தைப் பார்த்து உன்னால் சொல்ல முடிந்தால், நான் என் சாமானைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறேன், ஒரு சொல் பேச மாட்டேன். அது வரைக்கும் எந்த லொறிக்கும் படலை திறக்காது.

சின்னவளுக்கு இருமல் என்றாய், ஐஸ் தண்ணி கொடுக்காதே, கொத்தமல்லி அவித்துக் கொடு. பள்ளிக்கூடத்துக்குக் கழுத்தைச் சுற்றிக் கட்டி விடு. என் அறைப் படங்களை உன் போனிலும் அவன் போனிலும் அழிக்க வேண்டும், இதை மறக்காதே, அழித்த பிறகு எனக்குச் சொல். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் செட்டைகளுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வேலையையும் கைகளையும் ஆசீர்வதிக்கட்டும். கோபம் ஆறவில்லை, ஆறியதாக எழுதவும் விரும்பவில்லை.

முன் அறையில் இருந்து,
உன் அம்மா
தேவமலர்