கொக்கோக் கொட்டகைக்கு வைத்த சீலினை நாளைக்குள் எடுத்துத் தரக் கோரி

அனுப்புநர்
ப. குமாரசாமி (வயது 62),
உறுப்பினர், செங்கமேடு கொக்கோ விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம்,
செங்கமேட்டுப்பாளையம், சங்ககிரி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சேலம்.

பொருள்: கொக்கோ விதை புளிக்க வைக்கும் கொட்டகையைச் சாராயக் கூடம் எனக் கருதிச் சீல் வைத்தது – உடனே திறந்துவிட வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தென்னைக்கு ஊடே கொக்கோ வளர்க்கும் எண்பத்தாறு குடும்பங்கள் சேர்ந்தது எங்கள் சங்கம். முன்பெல்லாம் வியாபாரி வண்டியை நிறுத்தி, பழத்தை முகர்ந்து, வாயில் வந்ததை விலை என்பார். இப்போது நியாய வணிகச் சான்று இருப்பதால், சாக்லேட் கம்பெனி குறித்த விலைக்குக் கீழே இறங்குவதில்லை. ஊர் நலனுக்கென்று தனியாக ஒரு தொகையும் தருகிறது. அதை எதற்குச் செலவிடுவது என்று கை தூக்கி முடிவெடுப்பது நாங்களே. ஆண்கள் சிமெண்டுக் களம் கேட்டோம். பெண்கள் பள்ளிக்கூட வேன் கேட்டார்கள். தூக்கிய கைகளில் வளையல் போட்டவை அதிகம். இன்று பேருந்தே எட்டிப் பார்க்காத ஊரிலிருந்து பத்தொன்பது பெண் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள்.

2. விதையைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை மூடி, ஆறு நாள் புளிக்க வைத்தால்தான் சாக்லேட் மணம் பிறக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். திங்களன்று எண்ணூறு கிலோ கொட்டினோம். அதன் வாடைக்கு, இத்தனை தூரம் தள்ளிச் சேலம் அஸ்தம்பட்டியில் நாலு பேராவது தும்மியிருப்பார்கள் என்பது என் மதிப்பீடு.

3. செவ்வாய் மாலை மதுவிலக்குச் சோதனைக்கு வந்த அலுவலர், பெட்டிக்கு அடியில் குடத்தில் வடிந்திருந்த சாற்றைக் காட்டி என்னவென்று கேட்டார். அந்நேரம் அங்கே அடியேன் நின்றது சங்கத்தின் போதாத காலம். "ஒரு டம்ளர் ஊத்துனீங்கன்னா சங்ககிரி மலை ரெண்டாத் தெரியுமுங்க சாமி" என்றேன். சாமி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அதையே என் வாக்குமூலமாக வைத்துக் கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார். அந்தச் சாற்றை நான் பலமுறை குடித்திருக்கிறேன்; மலை ஒன்றாகவே தெரிந்தது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

4. சீல் வைத்தவரிடம் போனால், சாறு பரிசோதனைக்குப் போயிருக்கிறது, முடிவு வர மூன்று வாரம் என்கிறார். தோட்டக்கலை அலுவலகத்தில், மரம் வரைக்கும்தான் தங்கள் பொறுப்பு, பழம் பறித்த பிறகு வேறு துறை என்கிறார்கள். மூன்றாவது இடத்தில், மனு நாள் திங்கட்கிழமை என்கிறார்கள். ஐயா, அது கொக்கோ விதைக்குத் தெரியாது. நேற்று ஒரே நாளில் நான் ஏறிய படிகளை அடுக்கினால் ஏற்காட்டுக்கு இரண்டு முறை போய் வரலாம்.

5. புதன்கிழமைப் புரட்டல் தவறிவிட்டது. நாளையதும் தவறினால் எண்ணூறு கிலோவும் பூசணம் பிடித்து எருக்குழிக்குப் போகும். அடுத்த வாரம் சான்று ஆய்வாளர் வருகிறார். சீல் வைத்த கதவைப் பார்த்தால் சான்று நின்றுபோகும். சான்று நின்றால் வேன் நிற்கும். சங்கச் செயலாளர் மைதிலி என்னிடம் நீளமாகப் பேசவில்லை. "உங்க வாயாலதானுங்க மாமா பூட்டு உழுந்துச்சு. நீங்களே போயித் தொறந்துட்டு வாங்க" என்றதோடு சரி.

6. ஆகவே, என் வாய்க்கொழுப்புக்கு உரிய வழக்கு எதுவோ அதை என் ஒருவன் மேல் போட்டுக்கொண்டு, கொட்டகையை நாளைக் காலைக்குள் திறந்துவிட ஆணையிட வேண்டுகிறேன். காவலுக்கு அலுவலரே உடன் நிற்கட்டும். சாற்றுக் குடத்தையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். பெட்டி புரட்டும் அங்காளம்மாள் இரண்டு நாளாகக் கொட்டகை வாசலை விட்டு நகரவில்லை. பெட்டியை ஒட்டிய தகரச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இன்று காலை என்னிடம் சொன்னார்: "சூடு இன்னும் இருக்குதுங்கண்ணா. நாளைக்குள்ளன்னா காப்பாத்திப் போடலாம்." இந்த மனுவில் ஒரு சொல்லும் கூட்டாமல் நான் எழுதியது அது ஒன்றுதான்.

தங்கள் அலுவலக வாசலிலேயே ஆணைக்குக் காத்து நிற்கும்,
(ஒப்பம்) ப. குமாரசாமி

இடம்: சேலம்
நாள்: 20.11.2025, வியாழன்