ரேகை மட்டும்தான் உருண்டது

அக்கா,

இன்று காலை ஒரு பத்திரத்துக்கு ரேகை வாங்கும்போது மை என் கட்டைவிரலிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. போன மாதம் நீங்கள் கண்மூடியதிலிருந்து, உங்களைச் சிரித்துக்கொண்டே நினைத்தது இன்றுதான்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டிய வருஷம் அது. செத்துப்போன உங்கள் வீட்டுக்காரரின் பாதி வீட்டில் உங்களுக்கிருந்த உரிமை முழுவதையும் தனக்கே விட்டுக்கொடுப்பதாக, உங்கள் கொழுந்தன் என்னிடம் விடுதலைப் பத்திரம் எழுதச் சொன்னார். உங்களிடமோ, "நீ ஊருக்குப் போ அண்ணி. வூட்ட நான் பாத்துக்கறேன்னு ஒரு காயிதம், அவ்ளோதான்" என்று ரேகை வாங்கிவிட்டார்.

ரேகை வைப்பவருக்கு வரி வரியாகப் படித்துக்காட்டுவது எழுதியவன் கடமை. நான் படிக்காமலே 'படித்துக் காட்டினேன்' என்று கையெழுத்திட்டேன். எனக்கு வீரம் குறைச்சல், வாய்தான் நீளம்.

பதிவு ஆபீஸ் வராந்தாவில் கொழுந்தன் வெற்றிலை வாங்க நகர்ந்ததும், "இன்னா நைனா, வூட்டப் பாத்துக்க இத்தினி பக்கமா எழுதிக்கீற?" என்றீர்கள். அடுத்த தெருச் சண்டைச் சேதியையே அரைமணி நேரம் அடக்கிவைக்கத் தெரியாதவன், இதையா அடக்குவேன்?

"பாத்துக்க இல்லக்கா, ஒரேயடியா விட்டுக்குடுக்க!"

நீங்கள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டீர்கள்.

உள்ளே பதிவாளர், தலை நிமிராமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "வீட்டுப் பங்கை விட்டு எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

"இல்ல சாமி. பாத்துக்கறேன்னு சொல்லி வெரல உருட்டினான். நான் எதையும் வுட்டுக்குடுக்கல."

பேனா நின்றது. கொழுந்தன் பதறினார். "குண்டு வுழப்போற வூடு அண்ணி, ஒனக்கு எதுக்கு?"

"குண்டு வுழப்போற வூடு ஒனக்கு மட்டும் இன்னாத்துக்குடா?"

ஆபீஸே சிரித்தது. பதிவாளர் என் பக்கம் திரும்பினார். "படித்துக் காட்டினீரா, ஐயா?"

"காட்டினேன் சார்... கொஞ்சம் தாமதமாக, வராந்தாவில்."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் பதிய மறுத்து அவர் எழுதிய அந்த ஒரு வரிக்கு, நான் எழுதிய அத்தனை பக்கமும் ஈடாகாது. உங்கள் கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. கடைசிவரை அந்த வீட்டில், யார் தயவுமின்றி, ராணி மாதிரி இருந்தீர்கள்.

ரேகைக்காரர் யார் வந்தாலும் இப்போது தொண்டை கிழியப் படிக்கிறேன். பக்கத்து எழுத்தர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இன்று மத்தியானம் ஓர் அம்மாள் பாதியில் கைநீட்டி நிறுத்தி, "நான் சொன்னது இது இல்லியே" என்று எழுந்துவிட்டாள். கூட்டிவந்து முறைத்தபடி நின்ற தன் அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிய அந்த நடையைப் பார்க்க வேண்டுமே அக்கா. அசல் நீங்கள்தான்!