பஸ்ஸில் கதைக்காத தமிழ்

நவம்பர் 14, வியாழன்

வேலை முடிந்து வந்த பஸ்ஸில், பக்கத்தில் இருந்தவர் ஃபோனில் உரத்துக் கதைத்துக்கொண்டு வந்தார். ஆங்கிலம் இல்லை. வைத்ததும் என்ன மொழி என்று கேட்டேன். ஐரிஷ் என்றார். அக்காவோடு இங்கிலிஷில் கதைக்க வாய் வராதாம். பஸ்ஸில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அஜக்ஸ் நகரிலிருந்து அம்மா ஃபோன் எடுத்தார். பஸ்ஸில் நான் தமிழ் கதைப்பதில்லை. இருபது வருடப் பழக்கம். குரலைத் தாழ்த்தி, பிறகு எடுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“சொறி, சொறி” என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு அம்மா பதறி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எடுத்தேன்.

“ஆரோ வெள்ளைக்காரன் கதைச்சவன், தம்பி. பயந்துபோய் வச்சிட்டன்.”

“நம்பரை மாறி அடிச்சிருப்பியள், அம்மா.”

நம்பிவிட்டார். இனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடிக்கிறாராம்.