சம்பந்தி உரக்கச் சொன்ன ஜுரம்

சம்பந்தி, நான் கண்டுபிடித்ததை நீங்கள் கண்டுபிடித்ததாக ஊரைப் பேசவிட்டுச் செத்துப்போனீர்கள். அது அநியாயம். இன்று கூடுவாஞ்சேரி வீட்டில் நிலவேம்புக் கசாயம் கொதிக்கிறது. அந்த வாடைதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் பேப்பரில் வரும் காய்ச்சல் செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டிப் படித்தவன். பிரசவ நேரத்தில் தாய்க்கு டெங்கு இருந்தால் குழந்தைக்கும் வரலாம், பிறந்து சில நாள் கழித்தே தெரியும் என்று எனக்குத் தெரியும். கடப்பாக்கத்தில் வலை இழுத்த உங்களுக்குத் தெரியாது.

என் மகள் பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நம் பேத்தி பால் குடிக்கவில்லை. உடம்பு கொதித்தது. "சூட்டு உடம்பு, சரியாயிடும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். உங்களை வராந்தாவுக்கு இழுத்துப்போய், பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்பே மகளுக்கு ஜுரம் என்று முணுமுணுத்தேன்.

"இன்னா சம்மந்தி, இத என் காதுல ஓதிகினு கீற? டாக்டராண்ட சொல்லு!"

நான் அசையவில்லை. நீங்கள் படகுக்குப் படகு கூப்பிடும் குரலில் கத்தினீர்கள்: "டாக்டரம்மா! தாய்க்கு ஜொரம் இருந்துச்சு! கொயந்த ரத்தத்தப் பாரும்மா!"

வார்டே திரும்பியது. ரத்தம் பார்த்தார்கள். டெங்கு. தட்டணுக்கள் இறங்கியிருந்தன. பத்து நாள் போராடிப் பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என் மடியில் உட்கார்ந்துகொண்டே, "கடப்பாக்கம் தாத்தாதான் என்னைக் காப்பாத்துச்சு" என்கிறாள். வயிறு எரிகிறது.

"ஜுரத்தை மறைச்சது யாரு?" என்று டாக்டர் கேட்டாரே. தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. ஜுரம் என்றால் சென்னைக்கு அனுப்புவார்கள், பெண்வீட்டுக்குக் கெட்ட பேர் வரும் என்று மாத்திரை கொடுத்து, "சொல்லாதே" என்றது நான். வராந்தாவில் அதையும் உங்களிடம் சொல்லியிருந்தேன்.

ஆனாலும் டாக்டரிடம், "அத்த வுடும்மா, புள்ளயப் பாரு" என்றீர்கள். சாகும்வரை ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அதிலும் என்னை ஜெயித்தீர்கள்.

மகளுக்கு மறுபடி ஒன்பதாம் மாதம். நேற்றிலிருந்து ஜுரம். கசாயம் மட்டும் போதாது. கொல்லையிலுள்ள தண்ணீர் டிரம்மைத் தேய்த்து மூட வேண்டியது உங்கள் மகன். இவள் ரத்தத்தை இன்றே பார்க்க வேண்டியது டாக்டர். பிறக்கும் குழந்தையைப் பத்து நாளாவது கண்காணிக்க வேண்டியது வார்டு நர்ஸ்.

ஜுரம் என்று வார்டுக்கே கேட்கும்படி கத்த வேண்டியது நான்.